அலுமாரிச் சீலையைத் தொடுமுன்

ஏணை கட்டிய வொயில் சீலை, விளக்குத் திரியாய்ப் போன வேட்டி, சட்டி பிடிக்கிற துணியான சாரம் எல்லாம் ஒரு வகைப் பழந்துணி. வீட்டுக்குள்ளேயே தேய்ந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றாகி, கடைசியில் கால்மிதியாக வாசலில் கிடந்து முடிந்துபோகும். அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இன்னொரு வகை அலுமாரியின் மேல்தட்டில் பொலித்தீன் பைக்குள் இருக்கும். அதை உடுப்பதுமில்லை, எறிவதுமில்லை. அம்மம்மாவின் கூறைச்சீலை, 2004 டிசம்பர் 26 அன்று கடல்நீரில் ஊறி மீண்ட பாவாடை, 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து வெளிக்கிட்டபோது மூட்டையோடு வந்த சாறி, போனவன் திரும்பி வராத வீட்டில் அவனுடைய சேட்டு. திருகோணமலையில் இந்த இரண்டாம் வகை இல்லாத வீடு குறைவு.

அந்தத் துணியைப் பொத்துவதும், வேறொன்றாக மாற்றுவதும், அதையே ஒரு கலையாகச் செய்வதும் துயரத்தைத் தாங்க உதவும் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. உதவும்தான். ஆனால் எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. ஒரு துணிக்கு நாம் செய்யக்கூடியவை மூன்று: கழுவலாம், வெட்டலாம், தைக்கலாம். தைத்ததைப் பிரிக்கலாம். கழுவியதையும் வெட்டியதையும் மீட்க முடியாது. இருந்தும் அநேகமான பயிற்சிகள் "நன்றாகக் கழுவி, அயன் பண்ணி, துண்டுகளாக வெட்டிக் கொண்டு வாருங்கள்" என்றுதான் தொடங்குகின்றன. மீளாத இரண்டையும் முதல் நாளே, தனியாக, வீட்டில் வைத்துச் செய்யச் சொல்லிவிட்டு, மீளக்கூடிய ஒன்றை மட்டும் கூட்டமாக இருந்து கவனமாகச் செய்கிறார்கள்.

பொத்திய துணிக்கு நம்மிடம் மரியாதை குறைவு என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். பொருநராற்றுப்படையில் "வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்", அதாவது வேறு நூல் ஓட்டித் தைத்த கந்தல், களையப்பட்டுப் பாம்புரி போன்ற மெல்லிய துணி கொடுக்கப்படுகிறது. வறுமை விலகியதற்கு அதுதான் அடையாளம். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்ற சொல்லும் கசக்கச் சொல்கிறதே தவிர, கந்தையைப் பெருமையாகக் காட்டச் சொல்லவில்லை. ஆகவே, தையல் வெளியே தெரிந்தால்தான் அழகு என்று யாராவது வந்து சொன்னால் இங்குள்ள அம்மாமார் முகம் சுளிப்பது இயல்பு. முகாமில் ஒரே சாறியைத் திரும்பத் திரும்பக் கட்டிய ஒருவருக்குக் கிழிசல் அலங்காரமாகத் தெரியாது. தெரியாமல் பொத்துவதா, தெரியப் பொத்துவதா என்பதைத் துணிக்குரியவரே சொல்லவேண்டும்.

வேறு ஊர்களில் இந்த வேலை எப்படி வளர்ந்தது என்று பார்த்தால், தேவைதான் எல்லா இடத்திலும் முன்னால் வந்திருக்கிறது, அழகு பின்னால் வந்திருக்கிறது. வங்காளத்துக் காந்தா, தேய்ந்த சேலைகளை அடுக்கி, பழஞ்சேலைக் கரைகளிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தது. வட ஜப்பானில் பருத்தி விளையாத குளிர்ப் பிரதேசத்தவர்கள் நீலச்சாயக் கந்தல்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி உடுத்தியதைப் போரோ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கே கந்தல் என்றுதான் பொருள். கர்நாடகத்தில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரான சித்திகள் கவண்டி என்ற போர்வையை ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள்.

நமக்கு மிகக் கிட்டியது சிலியின் அனுபவம். 1973 செப்டெம்பர் 11 இராணுவப் புரட்சிக்குப் பிறகு காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத்துணியில் துண்டுகளை ஒட்டிப் படங்கள் தைத்தார்கள். தேடிப்போன பொலிஸ் நிலையம், வெறுமையான கதிரை, "அவர்கள் எங்கே" என்ற கேள்வி எல்லாம் அவற்றில் இருந்தன. காணாமல் போனவரின் உடுப்பிலிருந்தே எடுத்த துண்டுகளும் சிலவற்றில் உண்டு. 1976இல் கத்தோலிக்கத் திருச்சபை சந்தியாகோவில் அமைத்த ஒற்றுமைப் பணியகம் அவற்றை வாங்கி வெளிநாடுகளுக்கு அனுப்பியது. அந்தப் பெண்களுக்கு அது ஆறுதலாக இருந்தது, உழைப்பாக இருந்தது, சாட்சியாகவும் இருந்தது. மூன்றில் ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்து "தையல் மனதை ஆற்றும்" என்று சொல்வது அரைகுறை.

கழுவுவதா?

இறந்தவரின் உடுப்புக்கு நம்மிடம் வழி இருக்கிறது. பல இந்து வீடுகளில் 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் நல்லதை யாருக்காவது கொடுத்துவிட்டு, ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்வார்கள். முஸ்லிம் வீடுகளில் ஸதக்காவாகக் கொடுப்பார்கள். காணாமல் போனவருக்கு 31ஆம் நாள் இல்லை. அதனால் உடுப்பும் அப்படியே கிடக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பாலின் பொஸ் 1970களில் இத்தகைய முடிவில்லாத இழப்புக்கென ஒரு தனிப் பெயரே வைத்தார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நிலையில், மற்ற இழப்புகளைப்போல "முடித்துக்கொள்" என்று எவரையும் வற்புறுத்தக்கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். துணிக்கும் அதுவே பொருந்தும். அந்தச் சேட்டைத் தலையணை உறையாக மாற்றுவோமா என்று கேட்பதே சிலருக்கு "அவன் வரமாட்டான்" என்று சொல்வதாகக் கேட்கும்.

ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அணிந்தபின் துவைக்காத உடுப்பு, சீப்பு, பற்தூரிகை போன்றவை பின்னாளில் மரபணு ஒப்பீட்டுக்கு உதவக்கூடும். வழமையாக உறவினரின் மாதிரியைத்தான் எடுப்பார்கள் என்றாலும், அந்த வாய்ப்பைச் சவர்க்காரத்தண்ணீரில் கரைக்க வேண்டியதில்லை. காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. அங்கு முறைப்பாடு செய்த குடும்பம் என்றால், அந்த உடுப்பைக் கழுவுமுன், வெட்டுமுன் கட்டாயம் ஒரு தரம் யோசிக்க வேண்டும்.

மணமும் இருக்கிறது. துவைக்காத துணியில் ஆளின் மணம் இருக்கும், ஒரே துவைப்பில் போய்விடும். ஆனால் வியர்வையின் உப்பும் எண்ணெயும் கழுத்துப்பட்டியையும் அக்குளையும் மெல்ல அரித்து மஞ்சளாக்கும். மணத்தையும் துணியையும் சேர்த்து என்றென்றைக்கும் காப்பாற்ற முடியாது. இரண்டு உடுப்பு இருந்தால் ஒன்றைக் கழுவாமல் வையுங்கள். ஒன்றுதான் இருந்தால் கழுவாமல், மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, உலர்ந்த பருவத்தில் இரண்டு மூன்று மணித்தியாலம் நிழலில் காற்றாட விட்டு, துவைத்த வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். பொலித்தீன் வேண்டாம். மணத்தைப் பூட்டி வைக்கத்தான் பொலித்தீனில் போடுகிறார்கள். அது ஈரத்தையும் சேர்த்துப் பூட்டும். ஒரு மாரிக்குள் பூஞ்சணம் பிடித்து, பிள்ளையின் மணம் போய்ப் பூஞ்சண மணம்தான் மிஞ்சும்.

கழுவுவது என்று முடிவானால் முதலில் இழையைக் கண்டுபிடிக்க வேண்டும். உள்மடிப்பிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் நூல் உருவிச் சாவணத்தில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்து நெருப்புக் காட்டுங்கள். பருத்தி கடதாசி எரிவதுபோல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, மயிர் கருகும் மணத்தோடு சுருண்டு, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரிய மணியாகும். நைலெக்சும் பொலியெஸ்டரும் உருகி, நசுக்க முடியாத கடின மணியாக இறுகும். பிறகு சாயம். ஈரப்பஞ்சைக் கரையின் உட்புறத்தில் அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தத் துணி தண்ணீருக்குப் போகக்கூடாது. சிவப்புக் கரையும் கறுப்புக் கரையும்தான் அதிகம் ஏமாற்றும். உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. சாயம் போடும்போது உப்புக்கு வேலை உண்டு. கழன்று வருகிற பழஞ்சாயத்தை அது பிடித்து நிறுத்தாது.

தண்ணீர் அடுத்த சிக்கல். உப்புவெளி என்று ஊருக்கே பெயரை வைத்துக்கொண்டு கரையோரக் கிணற்றை நம்புவதா? உவர்நீரிலும் வன்னீரிலும் சவர்க்காரம் நுரைக்காமல் வெண்படலமாகித் துணியில் அமரும். துணி சாம்பல் நிறமாகி முரடாகும். இரும்பு கலந்த நீர் என்றால் பழுப்புப் புள்ளி விழும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை இங்கே கொட்டுகிற மாரித்தண்ணீர்தான் பழந்துணிக்கு ஏற்றது. கூரையின் முதல் மழையை ஓடவிட்டு, அடுத்த மழையைப் பிடித்து மூடி வைத்து, பெப்ரவரி, மார்ச்சில் வெயில் திரும்பியதும் கழுவலாம். மாரியில் கழுவினால் காயாது. கச்சான் காற்று அடிக்கிற நடுப்பகலில் வெளியே போட்டால் புழுதியும் சூடும் துணியைக் கெடுக்கும்.

ஒரு பருத்திச் சாறிக்கு 20 லீற்றர் தண்ணீர் வேண்டும். 5 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி குழந்தை ஷம்பு போதும், சவர்க்காரத்தூள் வேண்டாம். துணியைத் தனியாகத் தூக்கக்கூடாது. நனைந்த பழந்துணி தன் பாரத்திலேயே கிழியும். பழைய நுளம்பு வலையை விரித்து, துணியை மடித்து அதற்குள் வைத்து, வலையோடு இறக்கி வலையோடு ஏற்றுங்கள். 20 நிமிடம் ஊறவிட்டு உள்ளங்கையால் அமத்தி அமத்தி எடுங்கள். தேய்க்கவோ பிழியவோ கூடாது. நுரை நிற்கும்வரை நாலைந்து தடவை புதுத்தண்ணீர் மாற்ற வேண்டும். கடல்நீர் பட்ட துணிக்கு, ஷம்பு போடுமுன் வெறுந்தண்ணீரிலேயே மூன்று தடவை அரை மணி வீதம் ஊறவையுங்கள். இருபது வருடமானாலும் இழைக்குள் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். மழைக்காலத்தில் அந்தப் பாவாடை பிசுபிசுப்பது அதனால்தான். கடைசியில் துவாயில் சுருட்டி நீரை உறிஞ்சவிட்டு, பாயில் வெள்ளைத்துணி விரித்து அதன்மேல் நிழலில் பரப்பிக் காயவிடுங்கள். கொடியில் போடுவதும் இரும்புக் கிளிப் மாட்டுவதும் இந்தத் துணிக்கு ஆகாது.

கறள் கறைக்குத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் பூசி வெயிலில் வைப்பது நம் வீட்டு வைத்தியம். வெள்ளைப் பருத்தியில் அது வேலை செய்யும். ஆனால் மிஞ்சிய புளி இழையைத் தின்னும், நாலைந்து தண்ணீரில் அலசாவிட்டால் கறை இருந்த இடத்தில் அடுத்த வருடம் ஓட்டை இருக்கும். கறள் பட்ட இடம் தொடும்போது விசுக்கோத்துப்போல் நொறுங்கினால் கறையை விட்டுவிடுங்கள், இழை அங்கே ஏற்கெனவே செத்துவிட்டது. குளோரின் வெளுப்பான் எதற்கும் வேண்டாம். கறளை அது எடுக்காது, பருத்தியை நலிவாக்கும், பட்டைக் கரைத்தேவிடும். பூஞ்சணம் என்றால் ஈரத்தோடு துடைக்கக்கூடாது, உள்ளே போய்விடும். முழுதாகக் காயவைத்து, முகக்கவசம் போட்டு, வெளியில் நின்று தூரிகையால் தட்டவேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களை அந்தப் பக்கம் விடவேண்டாம்.

ஒரு சாரம், ஒரு கூறை

மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை எடுத்துக்கொள்வோம். இருந்தெழும்பும் இடத்தில் முதலில் இழை மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடைபோல் தெரியும். பிறகு இரண்டு சென்ரிமீற்றர் அளவில் ஓட்டை விழும். எல்லாரும் முதலில் செய்கிற பிழை, பிசிறை ஒட்ட வெட்டிச் சுத்தமாக்குவது. பிசிறை விடுங்கள், புது நூல் பிடித்துக்கொள்வதற்கு அதுதான் கை.

நன்றாகச் சுரண்டி மழுப்பிய சிரட்டையின் முதுகில் ஓட்டையை இழுக்காமல் விரித்து வையுங்கள். ஆறிழை எம்பிராய்டரி நூலைப் பிரித்து ஓரிழை எடுங்கள், நீளம் 45 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, போனால் நூல் நைந்து முடிச்சு விழும். 9ஆம் இலக்க ஊசி. ஓட்டைக்கு ஒரு சென்ரிமீற்றர் வெளியே, நல்ல துணியில் தொடங்கி, பாவு, அதாவது துணியின் நீளவாட்டு நூல், போகும் திசையிலேயே ஓரிழை மேல் ஓரிழை கீழாக ஓட்டிக்கொண்டு போய், ஓட்டையைத் தாண்டி, மறுபக்கமும் ஒரு சென்ரிமீற்றர் ஓட்டுங்கள். திரும்பும் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் வளையம் தளர்வாக நிற்கட்டும். புது நூல் முதல் துவைப்பில் சுருங்கும். வளையம் இல்லையென்றால் முழு இடமும் கொப்புளம்போல் குவிந்துவிடும். வரிசைக்கு வரிசை ஒரு நூல் அகலம். பாவு நிரம்பியபின் குறுக்கே ஊடு ஓட்டும்போது ஊசியைத் திருப்பி, காதுப் பக்கத்தை முன்னால் விட்டு நெய்யுங்கள். கூர்ப்பக்கம் போனால் நூலைப் பிளந்துகொண்டு போகும். சாரத்தில் கட்டம் இருப்பது நல்ல வசதி, கட்டத்தின் நிறத்துக்கு நூலை மாற்றினால் ஒரு முழ தூரத்தில் பொத்தல் தெரியாது. தெரியவேண்டுமென்றால் நிறத்தை வேண்டுமென்றே மாற்றலாம்.

எந்தத் துணிக்கும் ஒரே விதி, நூல் துணியைவிட நலிவாக இருக்கவேண்டும். இழுபட்டால் நூல் அறவேண்டும், துணி அல்ல. மெசினுக்குப் போடுகிற பொலியெஸ்டர் நூல் பழம்பருத்தியில் வாள்போல் அறுக்கும். பொத்திய இடம் அப்படியே இருக்க, அதன் ஓரத்தைச் சுற்றி வட்டமாகப் புதுக்கிழிசல் வந்தால் காரணம் அதுதான். ஒட்டுப் போடுவதற்கும் இதே கணக்கு. "கோடித் துண்டைப் பழைய வஸ்திரத்தோடு இணைக்கமாட்டான்" என்று சுவிசேஷத்தில் வருவது நல்ல தையற்காரன் சொல்கிற பேச்சு. ஒட்டுக்கு அதே அளவு தேய்ந்த துணி எடுத்து, ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் இரண்டு சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, அரை சென்ரிமீற்றர் மடித்து ஹெம்மிங் செய்யுங்கள். கூர்மூலை முதலில் கிளம்பும்.

கூறைச்சீலை வேறு பிரச்சினை. கலியாணத்தன்று ஒருநாள், பிறகு இரண்டு மூன்று விசேடம், பிறகு முப்பது வருடம் ஒரே மடிப்பில். பட்டு அந்த மடிப்புக் கோட்டில்தான் பிளக்கும், அதிலும் சரிகைக் கரை பக்கத்தில், ஏனென்றால் உலோகம் பாரம். பழைய சரிகை பட்டு நூலில் வெள்ளிக்கம்பி சுற்றியது. கறுத்தால் புளியோ சாம்பலோ பற்பசையோ போட்டுத் தேய்க்காதீர்கள், கறுப்போடு வெள்ளியும் போய்விடும்.

பிளந்த பட்டில் நேரே ஊசி குத்தினால் குத்திய இடமெல்லாம் புதுத் துளை, மெசினில் விட்டால் முத்திரைத் தாள்போல் வரிசையாகக் கிழிந்து வரும். கீழே ஒரு தாங்குதுணி வேண்டும்: துவைத்துச் சுருக்கிய, நிறம் பொருந்துகிற மெல்லிய வொயில், பிளவைவிட நாலாபக்கமும் நாலு சென்ரிமீற்றர் பெரிதாக. பிளவின் ஓரங்களை விரலால் சேர்த்து, இழை நேராக்கி, இழுக்காமல் படியவிடுங்கள். நூலை அந்தச் சீலையிடமே வாங்கலாம், இடுப்பில் செருகுகிற உள்தலைப்பு ஓரத்திலிருந்து உருவினால் நிறமும் வயதும் பொருந்தும். 10 அல்லது 12ஆம் இலக்க மெல்லிய ஊசியால், நல்ல பட்டில் ஒரு சென்ரிமீற்றர் உள்ளே தொடங்கி, பிளவுக்குக் குறுக்கே நீள நூலை மேலே கிடத்தி, மறுபக்கம் ஒரு சென்ரிமீற்றர் தாண்டி இறக்குங்கள். அந்த நூலை ஐந்து மில்லிமீற்றருக்கு ஒன்றாகச் சின்னக் குறுக்குத் தையலால் தாங்குதுணியோடு பிடித்து வையுங்கள். அடுத்த வரிசை ஐந்து மில்லிமீற்றர் தள்ளி. பத்துச் சென்ரிமீற்றர் பிளவுக்கு இருபது வரிசை வரும், ஒரு பின்னேரம் முழுதும் போகும். இப்படிப் பொத்திய கூறையைத் திரும்ப உடுக்க முடியாது. சுவரில் தொங்கவிடலாம், மடியில் வைக்கலாம், மகளின் மணவறையில் விரிக்கலாம். உடுக்கத்தான் வேண்டுமென்றால் வேறு சீலை பாருங்கள்.

நைலெக்ஸ் சாறிகளுக்கு இத்தனை கவலை தேவையில்லை. பூச்சி தின்னாது, லேசில் இற்றுப்போகாது, அயன்பெட்டி மட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கத்தரிக்கோல் இல்லாமல் ஒரு போர்வை

மாற்றுவது என்றால் வெட்டத்தான் வேண்டும் என்றில்லை. ஐந்தரை மீற்றர் பருத்திச் சாறியை நீளவாட்டில் மூன்றாக மடித்தால் ஏறக்குறைய 180 சென்ரிமீற்றர் நீளமும் 110 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட மூன்றடுக்குத் துணி கிடைக்கும். தலைப்பு மேலே வரும்படி மடியுங்கள். ஒரு வெட்டும் இல்லை. மனம் மாறினால் நூலைப் பிரித்து விரித்தால் மறுபடியும் சாறிதான். கிழிசல்கள் நடு அடுக்குக்குள் போய்விடும், அல்லது மேலே வைத்துச் சுற்றித் தைக்கலாம்.

நிலத்தில் விரித்து ஓரங்களை ரேப்பால் ஒட்டி, நடுவிலிருந்து வெளிநோக்கி 15 சென்ரிமீற்றருக்கு ஒரு வரிசையாகப் பெரிய தற்காலிகத் தையல் போடுங்கள். இதைச் சோம்பலில் விட்டவர்களுக்கு அடுக்குகள் நழுவி, கடைசி ஓரத்தில் கைப்பிடியளவு துணி மிஞ்சும். பிறகு நீளவாட்டில் நூலோட்டம், தையலுக்கு நாலு மில்லிமீற்றர், இடைவெளியும் அவ்வளவே. வரிசைகளுக்கிடையே ஒரு சென்ரிமீற்றர் என்றால் 110 வரிசை, மொத்தம் 198 மீற்றர் தையல். இறுக்கத்துக்கும் முடிச்சுக்கும் சேர்த்து 240 மீற்றர் நூல் வேண்டும். எட்டு மீற்றர் ஆறிழைக் கற்றையை ஈரிழையாகப் பிரித்தால் 24 மீற்றர், ஆகப் பத்துக் கற்றை. வரிசைக்கு 20 நிமிடம் வைத்தால் 35 மணித்தியாலத்துக்கு மேல். ஒருநாளைக்கு ஒரு மணித்தியாலம் என்றால் ஒரு மாதம் தாண்டும். மெசினில் இதை ஒரு பகலில் முடிக்கலாம், ஆனால் அது வேறு பொருள். கையால் தைத்ததில் வரிசைகள் சற்றே வளைந்து, துணி மெல்லச் சுருங்கி அலையடிக்கும். அந்த அலைதான் இதன் அழகு. ஒரு மாதம் அந்தச் சாறி மடியில் கிடப்பதும் சின்ன விசயமல்ல. அலுமாரியில் தொடப் பயந்திருந்த பொருள் தொட்டுப் பழகியதாகிவிடும்.

கூடியிருந்து தைப்பது

ஏன் இது உதவுகிறது என்பதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. கை ஒரே சீராக அசையும்போது மூச்சும் தணிகிறது. கண் துணியில் இருப்பதால் பக்கத்திலிருப்பவரின் முகத்தைப் பார்க்காமலே ஒன்றைச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். கிழிந்த ஒன்று கண்முன்னே சீராகிறது. இவ்வளவுதான், இதற்கு மேல் சொல்வது மிகை. தையல் சிகிச்சை அல்ல. நித்திரையே இல்லாதவர், பழைய சம்பவம் கண்முன் நடப்பதுபோல் உறைந்துபோகிறவர், தைத்ததைத் திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டேயிருப்பவர், வாழ வேண்டாம் என்று சொல்பவர் ஆகியோருக்கு ஊசியும் நூலும் போதாது. வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம்.

ஆறிலிருந்து எட்டுப்பேர், இரண்டு மணித்தியாலம், பகல்வேளை. விளக்கு வைத்தபின் ஊசி கைமாறக்கூடாது என்ற நம்பிக்கை பல வீடுகளில் இன்னும் உண்டு, பழந்துணி வேலைக்குப் பகல் வெளிச்சமும் வேண்டும், இரண்டுக்கும் ஒரே நேரம் சரி. "எனக்குத் தையல் வராது அக்கா" என்று ஒதுங்குகிற நாற்பது வயதுக்காரருக்கு அநேகமாகக் கண்தான் பிரச்சினை. 1.5, 2, 2.5 பவரில் வாசிப்புக் கண்ணாடி நாலைந்து வாங்கி வைத்தால் பாதிப்பேருக்குத் தையல் வந்துவிடும். வரும்போதும் போகும்போதும் ஊசியை எண்ணுங்கள். முதல் மூன்று கிழமை யாருடையதுமல்லாத துணியில் பழகட்டும். வீட்டிலிருந்து துணி கொண்டுவருவதா என்பதை அதற்குப் பிறகு அவரவர் முடிவெடுக்கட்டும். கதை சொல்லும்படி கேட்கக்கூடாது. ஒருவர் சேட்டின் பையை மட்டும் பொத்திவிட்டு, கிழிந்த கையை அப்படியே விட்டால், அது அந்தளவில் முடிந்த வேலை.

ஆண்களை இதற்குள் கொண்டுவர முடியாது என்பார்கள். கடற்கரையில் வலை பொத்துகிறவர்கள் யார்? முடிச்சு, கண் அளவு, நூலின் இழுவை எல்லாம் அவர்களுக்குத் தெரியும். சாறித் துண்டோடு உட்காரச் சொன்னால் எழும்பிப்போகிறவர், பழைய வலைத் துண்டை அடித்துணியாகக் கொடுத்தால் இருப்பார்.

இத்தகைய வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் நல்ல நோக்கம்தான். மாதம் இத்தனை பை, இத்தனை உறை என்று கணக்கு வந்ததும் வேகம் கூடும், தையல் பெரிதாகும், அழுதவர் அழுகையை நிறுத்திவிட்டுக் கணக்கை முடிப்பார். விற்பதில் பிழையில்லை, காசு பலருக்கு உண்மையான ஆறுதல். ஆனால் விற்கிற துணியும் வீட்டுத்துணியும் வேறு வேறு நாளில், வேறு வேறு பெட்டியில் இருக்கட்டும். படம் எடுக்குமுன் ஒவ்வொரு தடவையும் கேளுங்கள், துணிக்கும் சேர்த்து. காணாமல் போனவரின் சேட்டை ஓர் அறிக்கையின் அட்டையில் பார்ப்பது எல்லாருக்கும் தாங்கக்கூடியதல்ல.

வேலை முடிந்த துணியைக் கஞ்சி போட்டு வைக்காதீர்கள், கஞ்சியைத் தின்ன வெள்ளிப்பூச்சி வரும். கறுவாப்பட்டையோ வேப்பிலையோ வைத்தால் துணியில் படாமல் சின்னப் பையில் கட்டி வையுங்கள், கறை பிடிக்கும். கூறையை மடிப்பதைவிட வேட்டி சுற்றிய குழாயில் சுருட்டுவது நல்லது. இடமில்லையென்றால் வருடத்துக்கு இரண்டு முறை மடிப்புக் கோட்டை மாற்றி, மடிப்புக்குள் துணிச்சுருள் வைத்து மடியுங்கள். மாரி தொடங்குமுன் ஒன்று, தைப்பொங்கலுக்குப் பின் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஒரு முழம் பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதி உள்ளோரத்தில் நாலு தையலில் பிடித்து வையுங்கள்: யாருடையது, எந்த வருடம், எந்த இடம் பொத்தியது, என்ன நூல். பேனா மை ஊறிப் பரவும். காணாமல் போனவரின் உடுப்பில் என்ன எழுதுவது என்று வீட்டார் தடுமாறுவார்கள், "அன்னாரின்" என்று எழுத முடியாது. பெயரை மட்டும் எழுதலாம். அதுவும் இப்போது வேண்டாமென்றால் வெறும் நாடாவைத் தைத்துவிடுங்கள், இடம் இருக்கட்டும்.